இரண்டு தடவை பார்க்கிறவள்

“தூங்குறது வேற, காத்துக்கிட்டு இருக்கறது வேற, அத்தை! வித்தியாசம் தெரியலன்னா வாயைத் திறக்காதீங்க!”

என் மருமகள்தான் இப்படி என் முகத்துக்கு நேராகக் கத்தினாள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பட்டப்பகலில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டு, கன்னத்துக்குக் கையை முட்டுக்கொடுத்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. இமை ஆடவில்லை. “ஏண்டி, மீன் மாதிரி கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்குற வித்தையை எங்க கத்துக்கிட்ட? இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா?” என்றேன். அதற்குத்தான் இந்தப் பாய்ச்சல்.

வாயை மூடிக்கொள்ளும் வழக்கம் எனக்குப் பிறவியிலேயே கிடையாது. “காத்துக்கிட்டு இருந்தவ கூப்பிட்டா ஏன் திரும்பல? மூணு தடவை கூப்பிட்டேனே” என்றேன்.

“அதான் சொல்றேன். தூங்குறவனைத் தட்டினா எந்திரிச்சிடுவான். காத்துக்கிட்டு இருக்கறவனை யாரு தட்டினாலும் எந்திரிக்க மாட்டான். அவனுக்கு வேண்டியது கைக்கு வந்தாத்தான் எந்திரிப்பான். மெஷினுக்குள்ளயும் அப்படித்தான், வெளியேயும் அப்படித்தான். போங்க.”

போனேன். என் வீட்டில் என்னையே போகச் சொல்கிறவள் இவள் ஒருத்திதான்.

தலைமுடியைச் சுருட்டி அதில் ஒரு பென்சிலைக் குத்தி வைத்திருப்பாள். என் மகனின் பழைய சட்டைதான் வீட்டு உடுப்பு. முழங்கை கிழிந்திருந்தாலும் கவலை இல்லை. பென்சிலைத் தேடுகிறபோது வீடு முழுக்கத் தேடுவாள், தலையைத் தவிர. சொல்ல மாட்டேன். தேடட்டும் என்று விட்டுவிடுவேன். மேசை ஜன்னலோரம் இருக்கிறது. ஆனால் ஜன்னல் பக்கம் அவள் கண் போகாது. எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடம் ஒன்று உண்டு, காது மாதிரி இருக்கும். அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். என் மகன் ஒருமுறை அதைப் பூசிவிடலாம் என்று கரண்டியும் கையுமாக வந்தான். ஏதோ தாலி கட்டிய புருஷனையே பூசப்போவது போல ஒரு கூச்சல். அவன் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டான்.

அவளுக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதாது. இரண்டு தடவை பார்க்க வேண்டும். கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை. அரைத் தெரு போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை. எடைபோடுகிற இயந்திரத்தில் ஏறி இறங்கி மறுபடி ஏறுவாள். அடுப்பில் பாலை வைத்தால் வந்து பார்ப்பாள், போவாள், வந்து பார்ப்பாள், போவாள். முதல் தடவையும் பொங்கியிருக்காது, இரண்டாம் தடவையும் பொங்கியிருக்காது. நடுவில் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டுச் சாதுவாக உட்கார்ந்திருக்கும். “ரெண்டு தடவை பாத்தேனே அத்தை, ரெண்டு தடவையும் ஒழுங்காத்தானே இருந்துது” என்று பாத்திரத்தைப் பார்த்து நியாயம் கேட்பாள்.

இவளுக்கு மெஷினுக்கு நாடி பார்க்கிற வேலை. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கிற ஒரு ரத்தப் பரிசோதனைக் கம்பெனி. ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் என்ன இருக்கிறது என்கிற விவரமெல்லாம் ஒரு பெரிய மெஷினுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு கிளைக்கும் வரும். அந்த மெஷின் மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்கிறவள் இவள். வீட்டிலிருந்தபடியேதான்.

எப்படிப் பார்க்கிறாள் என்று ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டேன். திட்டாமல் பதில் சொன்ன நாள் அது.

“உள்ள ஒரு பெரியவர் இருக்கார்னு வச்சுக்குங்க, அத்தை. ஆபரேட்டிங் சிஸ்டம்னு பேரு. மெஷினுக்குள்ள எத்தனையோ புரோகிராம் ஓடும். எவன் எப்ப வந்தான், எவ்வளவு நேரம் வேலை செஞ்சான், எவ்வளவு இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், எவன் தூங்குறான், எவன் காத்துக்கிட்டு இருக்கான், எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனா அவரா வாயைத் திறக்க மாட்டார். போய்க் கேக்கணும். கேட்டா, கேட்ட நேரத்துல யார் யார் உயிரோட இருக்கானோ அவன் கதையை மட்டும் சொல்வார். செத்தவனைப் பத்தி மூச்சு விட மாட்டார்.”

“உன் மாமனார் மாதிரி” என்றேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேருகிற வரைக்கும் அப்படித்தான். கேட்டால்தான் சொல்வார், கேட்டதற்கு மட்டும்தான் சொல்வார். நெஞ்சு வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவள் பூண்டுத் தோலை ஊதிவிட்டுத் தொடர்ந்தாள். “இன்னொண்ணு. அவர் சொல்ற கணக்கெல்லாம் பொறந்ததுலேருந்து இன்னைக்கு வரைக்குமான கணக்கு. வாசல்ல கரண்ட் மீட்டர் இருக்குல்ல? அதுல இருக்கற நம்பரைப் பாத்து இன்னைக்கு எவ்வளவு ஓடுச்சுன்னு சொல்ல முடியுமா?”

“முடியாது. நேத்து நம்பரும் வேணும்.”

“அதான். அதனாலதான் ரெண்டு தடவை கேக்கணும். ரெண்டையும் கழிச்சாத்தான் இப்ப எவன் வேலை செய்யறான்னு தெரியும்.”

அப்போதுதான் பால் விஷயம் எனக்குப் பிடிபட்டது. பெண்ணுக்குத் தொழில் புத்தி கைக்கும் காலுக்கும் இறங்கிவிட்டது.

அவளுக்கு மேலே ஒரு மேலாளர். முகத்தை நான் பார்த்ததில்லை, குரல் மட்டும் ஸ்பீக்கரில் வரும். வெண்ணெய் தடவின குரல்; தடவியிருப்பது கத்தி மேல். கம்பெனி ஆட்கள் எல்லார் கம்ப்யூட்டரிலும் அவர் ஒரு வேவுக்காரனை உட்கார்த்தி வைத்திருந்தார்; அதுவும் ஒரு புரோகிராம்தான். மவுஸ் ஆடுகிறதா, கீபோர்டைத் தட்டுகிறார்களா என்று அது அந்தந்தக் கம்ப்யூட்டரின் பெரியவரிடம் கேட்டுக் கேட்டு அவருக்குப் போய்ச் சொல்லும். ஆடினால் பச்சைப் புள்ளி. சும்மா இருந்தால் சாம்பல் புள்ளி. எனக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். என் மருமகள் சுவரைப் பார்க்க ஆரம்பித்ததும் மூலையில் அந்தப் புள்ளி செத்த நெருப்பு மாதிரி வெளுத்துப்போகும். நான் அந்த ஆளுக்குப் பச்சைப்புள்ளி என்று பேர் வைத்தேன். அவளும் என்னிடம் பேசும்போது அப்படித்தான் சொல்வாள்.

“மேடம், உங்க புள்ளி நேத்து பாதி நாள் சாம்பலா இருக்கே” என்றது வெண்ணெய்க் குரல்.

“யோசிச்சுக்கிட்டு இருந்தேன் சார்.”

“யோசிக்கறது நல்லதுதான். ஆனா ரிப்போர்ட்ல யோசனைக்கு ஒரு கலர் இல்லையே மேடம். அதோட, தினமும் காலையில ரத்த ரிசல்ட் மெஷின் படுத்துக்குது. அதையும் நீங்க கண்டுபிடிக்கல. இந்த மாசம் முடியறப்போ ஆள் குறைக்கறாங்க. சாம்பல் அதிகமா இருக்கறவங்க லிஸ்ட்டைத்தான் மேல கேக்கறாங்க. நான் என்ன பண்ண, சொல்லுங்க?”

போனை வைத்துவிட்டு அவள் மறுபடி சுவரைப் பார்த்தாள். புள்ளி வெளுத்தது. என் மகன் லிப்ட் ரிப்பேர்க்காரன். மாதத்தில் பாதி நாள் வேலை, மீதி நாள் அடுத்த லிப்ட் எப்போது நிற்கும் என்று காத்திருக்கிற வேலை. வீட்டு வாடகை இவள் சம்பளம்தான்.

அதே வாரம் சர்க்கரை பார்க்க அந்தக் கம்பெனியின் கிளைக்கே நான் போக வேண்டி வந்தது. கையில் ஒரு டோக்கன் சீட்டைக் கொடுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கூடம் முழுக்க மடக்கிய கையில் பஞ்சை வைத்துக்கொண்டு ஆட்கள். கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, திரையில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. “சிஸ்டம் ஸ்லோம்மா” என்று மட்டும் சொல்லும். வேறு வார்த்தை அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “அந்த சிஸ்டத்தைப் பாத்துக்கறதே எங்க வீட்டுப் பொண்ணுதான்” என்றேன். பெருமைக்குச் சொன்னேன். கூடமே என் பக்கம் திரும்பியது.

“அப்படியா பாட்டி? அப்போ வீட்டுக்குப் போய் முதல்ல அந்தப் பொண்ணைத் தட்டி எழுப்புங்க. அசந்து தூங்குது போல” என்றான் பஞ்சுக்காரன் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள்.

“அவ ஒண்ணும் தூங்கல. காத்துக்கிட்டு இருக்கா!” என்று கத்தினேன்.

“எதுக்கு?”

“அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏண்டா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன்?”

வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்தேன். கூடத்தில் சிரித்ததைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. “எல்லா கவுன்ட்டரும் ஒரே நேரத்துலயா நின்னுச்சு? இல்ல ஒண்ணொண்ணா நின்னுச்சா?” என்றுதான் கேட்டாள்.

“ஒரே நேரத்துல. அதைவிடு, உன் புரோகிராம் பட்டியல்ல முதல்ல நிக்கறவன் எவனோ அவனைப் பிடிச்சு வெளிய தள்ளு. கூட்டத்துல முதல்ல நிக்கறவன்தான் தள்ளிக்கிட்டு வந்தவன்.”

“அப்படித்தான் முன்னாடி ஒருத்தர் தள்ளினார். அது ரிசல்ட்டைப் பிரிண்ட் எடுக்கற புரோகிராம். அன்னைக்கு முழுக்க யாருக்கும் ஒரு சீட்டு வரல.” சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “விஷயம் அது இல்ல அத்தை. பெரியவரை மொத்தமா எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, ‘தலையைத் தூக்க நேரமில்ல’ங்கறார். ஒவ்வொருத்தனைப் பத்தியும் தனித்தனியா கேட்டா, எல்லாவனும் சும்மா உக்காந்திருக்கான். எல்லார் வேலையையும் கூட்டிப் பாத்தா பெரியவரோட வேலையில கால்வாசி கூட வரல. மீதி முக்கால்வாசியை யாருக்குச் செய்யறார்?”

“வயசானவர். கணக்குத் தப்பியிருக்கும்.”

“அவர் தப்ப மாட்டார். நான் கேக்கறதுலதான் தப்பு.”

இப்படிப் பேசுகிறவளுக்குப் பச்சைப் புள்ளி எங்கேயிருந்து வரும்? யோசனை முற்றிவிட்டால் நாற்காலியிலும் உட்கார மாட்டாள். மொட்டை மாடிக்குப் போய்க் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். கீழே எனக்குத் தலைக்கு மேல் தொம் தொம் என்று கேட்கும். மூலையில் புள்ளி சாம்பலாகக் கிடக்கும். மாசக் கடைசி வந்துகொண்டிருந்தது. நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

அன்று அவள் மாடிக்குப் போனதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். மவுஸைப் பிடித்தேன். பாத்திரம் தேய்க்கிற மாதிரி வட்டமாக ஒரு தேய்ப்பு. வெளுத்துக் கிடந்த புள்ளி பச்சென்று முழித்துக்கொண்டது! சாம்பலைப் போட்டுத் தேய்த்தால் பாத்திரம் மின்னும் என்று தெரியும். சாம்பலையே தேய்த்துப் பச்சையாக்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மேலே காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் தேய்ப்பேன். படியில் சத்தம் கேட்டதும் எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொள்வேன். அவள் மறுபடி மேலே போனால் நான் மறுபடி உட்காருவேன். அன்று பொழுது சாயும்போது எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆனால் மனசுக்குள் ஒரு திருப்தி. வாழ்நாளில் முதல்தடவை ஆபீஸ் வேலை பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஸ்பீக்கரில் வெண்ணெய் உருகி ஓடியது. “மேடம், நேத்து ரிப்போர்ட் பாத்தேன். பிரமாதம்! நாள் முழுக்கப் பச்சை. டீம்லயே நீங்கதான் முதல். இப்படியே போங்க, லிஸ்ட்ல உங்க பேரு வராம நான் பாத்துக்கறேன்.”

“நன்றி சொல்லுடி” என்றேன் அடுப்படியிலிருந்து.

அவள் நன்றி சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். தலையில் பென்சில் இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

“நேத்து பாதி நாள் நான் மாடியில இருந்தேன். புள்ளி எப்படிப் பச்சையாச்சு?”

“மவுஸைக் கொஞ்சம் ஆட்டிவிட்டேன். கஷ்டப்படறியேன்னு ஒரு கை குடுத்தேன்.”

“கை குடுத்தீங்களா, கணக்கைக் கெடுத்தீங்களா? என் பொழைப்பே என்ன நடந்துச்சோ அதை அப்படியே பாக்கறது. அதுல ஒரு பொய்யைக் கலந்துட்டா நிஜக் கணக்கையும் நம்ப முடியாது. இது கூடவா புரியாது?”

“அந்தப் பச்சைப்புள்ளிக்கு நிஜம் எதுக்குடி? அவனுக்கு வேண்டியது பச்சை. குடுத்தாச்சு. வேலையும் போகாது, வாடகையும் நிக்காது. வேற என்ன வேணும்?”

“எனக்கு வேணும்!” என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. அங்கேயே, என் கண் முன்னால், அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டாள். “சார், நேத்து பச்சையா இருந்தது நான் இல்ல. எங்க அத்தை.”

“யாரு?”

“அத்தை சார். என் வீட்டுக்காரரோட அம்மா.”

“அவங்களுக்கு நம்ம கம்ப்யூட்டர்ல கை வைக்க யாரு அனுமதி குடுத்தா?”

“மேசை என்னோடது!” என்று நான் குரல் கொடுத்தேன்.

“மேடம்… இது ரொம்ப சீரியஸ். எந்தெந்த நேரம் அவங்க கை வச்சாங்க, எந்தெந்த நேரம் நீங்க வச்சீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் மேல இருக்கறவங்களோட மீட்டிங். அங்க பேசிக்கலாம்.” வெண்ணெய் வழித்தெடுக்கப்பட்டுவிட்டது. கத்தி மட்டும் தெரிந்தது.

“எத்தனை தடவை உக்காந்தீங்க?” என்றாள் என்னிடம்.

“எண்ணிக்கிட்டா தேய்ப்பாங்க?”

அதற்குப் பிறகு அன்று முழுக்க என்னோடு பேச்சு இல்லை. சாயங்காலம் கிரீஸ் கையோடு வந்த என் மகனிடம் விஷயம் போயிற்று. “அம்மா, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?” என்று கேட்டான்.

“சும்மா இருந்தா சாம்பல்னு சொல்றாங்களேடா!” என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்டாட்டி முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டு கை கழுவப் போனான்.

நான் எத்தனை தடவை தேய்த்தேன் என்பது எனக்குத் தெரியாததால், அவள் அதைக் கம்ப்யூட்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. மறுநாள் காலை எழுந்ததும் அதில்தான் உட்கார்ந்தாள். அந்த வேவுக்காரன் பெரியவரிடம் எப்போதெல்லாம் போய் ‘மவுஸ் ஆடிச்சா’ என்று கேட்கிறான் என்று தெரிந்தால், என்னுடைய தேய்ப்பைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கணக்கு. இத்தனை நாள் தூரத்து மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றுதான் தன் மூக்குக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரை ஒழுங்காகப் பார்த்தாள். ஒரு தடவை பார்த்தாள். விரலை மடக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

“அத்தை!”

கோபத்தில் இருக்கிறோம் என்பது மறந்துவிட்டது அவளுக்கு. நான் ஓடினேன்.

“அன்னைக்கு லேப்ல உங்களுக்கு டோக்கன் குடுத்தாங்கல்ல? அதே மாதிரி இங்க எந்த புரோகிராம் பொறந்தாலும் பெரியவர் ஒரு நம்பர் குடுப்பார். வரிசையா. முதல் தடவை பாத்தேன். கடைசி டோக்கன் என்ன நம்பர்னு மனசுல வச்சுக்கிட்டேன். ரெண்டாம் தடவை பாத்தேன். பட்டியல்ல அதே ஆளுங்கதான், ஒருத்தன் கூடப் புதுசா இல்ல. ஒரு சின்ன புரோகிராமைத் திறந்தேன், அதுக்கு என்ன டோக்கன் வரணும்?”

“அடுத்த நம்பர்.”

“அதான் இல்ல! நூறு நம்பர் தாண்டிக் குடுக்கறார். கூடத்துல ஆளே இல்ல, ஆனா டோக்கன் ஓடியிருக்கு.”

“பேயா?”

“பேய்தான். நான் ஒரு தடவை பாத்ததுக்கும் அடுத்த தடவை பாத்ததுக்கும் நடுவுல பொறந்து, வேலையை முடிச்சு, செத்தும் போயிடறான். பெரியவர் செத்தவனைப் பத்திச் சொல்ல மாட்டார்ல? நான் காலம் பூரா உயிரோட இருக்கறவனையே எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்!”

அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

பெரியவரை இன்னொரு விதமாகவும் கேட்கலாமாம். கேட்டால் சொல்லுங்கள் என்று இல்லாமல், எவன் பிறந்தாலும் எவன் செத்தாலும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று ஏற்பாடு செய்யலாமாம். “அப்போ முதல்லயே அப்படிக் கேட்டுத் தொலைச்சிருக்கலாமே?” என்றேன். “ஒவ்வொண்ணுக்கும் கூப்பிட்டுச் சொல்லிக்கிட்டே இருந்தா அவர் எப்ப மத்த வேலையைப் பாக்கறது? கேக்கறதும் ஒரு பாரம் அத்தை. கொஞ்ச நேரத்துக்குத்தான் கேக்கணும்” என்றாள். கேட்டாள். திரையில் எழுத்து மழை மாதிரிக் கொட்டியது. பிறந்தான், செத்தான், பிறந்தான், செத்தான். பெரியவர் ஒவ்வொருத்தனுக்கும் பெற்றவள் பேரையும் சேர்த்துச் சொல்வாராம். நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், பெற்றவள் ஒருத்திதான்.

“யாரு அந்த மகராசி?”

“பச்சைப்புள்ளியோட வேவுக்காரன்” என்றாள். உடனே அந்த ஆளைக் கூப்பிட்டாள். “சார், ஒரே ஒரு கேள்வி. எங்க கம்ப்யூட்டர்ல போட்டிருக்கற கண்காணிப்பு புரோகிராமை ரிசல்ட் மெஷின்லயும் போட்டிருக்கீங்களா?”

“ஆமா. எல்லாத்துலயும் இருக்கு. பாதுகாப்புக்குத்தான். இப்ப அதுக்கென்ன?”

“நாளைக்குக் காலையில சொல்றேன் சார்.”

காலையில் கவுன்ட்டர்கள் திறந்து மெஷின் திணற ஆரம்பித்த நேரம், அந்தப் பெரிய மெஷினின் பெரியவரையும் அதே மாதிரி கேட்டாள். அங்கே மழை இல்லை, வெள்ளம். எந்தக் கவுன்ட்டரில் ஆள் உட்கார்ந்தாலும் அதற்கென்று ஒரு பிள்ளையை வேவுக்காரன் பெற்றுப் போடுகிறான். அந்தப் பிள்ளை பெரியவரிடம் ஓடி, உள்ளே இருக்கிற அத்தனை பேரைப் பற்றியும் ஒன்று விடாமல் விசாரித்துவிட்டுச் செத்துவிடுகிறான். உடனே அடுத்தவன். பெரியவர் பதில் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோகிறார். ரத்தமும் சர்க்கரையும் வாசலில் நிற்கின்றன.

இதையெல்லாம் அவள் ஸ்பீக்கரில் விளக்கினாள். பச்சைப்புள்ளிக்கு ஏறவில்லை. “வேலை நடக்குதான்னு பாக்கறதுக்குத்தான் மேடம் அதைப் போட்டோம். அது எப்படி வேலையைக் கெடுக்கும்?”

என் மருமகள் என்னை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சார், மாமியார் நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து ‘வேலை செய்யறியா, வேலை செய்யறியா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, மருமக பதில் சொல்லுவாளா, வேலை செய்வாளா?”

ஸ்பீக்கரில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. அந்த ஆளுக்கும் வீட்டில் ஒரு மாமியார் இருக்க வேண்டும், சட்டென்று பிடிபட்டுவிட்டது. “சரி… கொஞ்ச நேரம் நிறுத்திப் பாப்போம்” என்றார். என்னைத்தான் சொல்லிக் காட்டினாள் என்று எனக்குத் தெரியாதா? தொலையட்டும், வேலைக்கு உதவியதே என்று விட்டுவிட்டேன்.

நிறுத்தினார்கள். ஒரு வாய் டீ குடித்திருக்க மாட்டேன், கிளையிலிருந்து அந்தச் சின்னப் பெண்ணின் குரல்: “மேடம், என்ன பண்ணீங்க? அழுத்தறதுக்கு முன்னாடியே வருது!” அதற்கு வேறு வார்த்தையும் தெரிந்திருக்கிறது.

மீட்டிங்குக்கு அவள் கிழியாத சட்டை போட்டுக்கொண்டாள். நான் அடுப்படியில் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் மகன் லிப்ட் ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து என் பின்னால் நின்றான்; உள்ளே ஆள் யாரும் இல்லை என்று சத்தியம் செய்தான். மேலே இருக்கிறவர்கள் அவளிடம் கேட்டார்கள், அவள் சொன்னாள். என் பேச்சும் வந்தது. நான் எந்தெந்த நேரம் தேய்த்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஒரு தேய்ப்பைக் கூட மறைக்கவில்லை. அங்கே யாரோ சிரித்தார்கள். கடைசியில் அவள் பேர் லிஸ்ட்டில் இல்லை என்று சொன்னார்கள். வேவுக்காரனை எல்லா மெஷினிலிருந்தும் எடுத்துவிடச் சொன்னார்கள். பச்சைப்புள்ளி, “எங்க டீமோட கூட்டு முயற்சி சார்” என்றார். வெண்ணெய் திரும்ப வந்துவிட்டது.

இப்போது திரையின் மூலையில் புள்ளியே இல்லை. பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை. எனக்குத்தான் அந்த இடத்தைப் பார்க்கும்போது கை ஒரு மாதிரி ஊறும்.

சம்பளம் வந்த அன்று கடைக்குப் போய்விட்டு வந்தாள். வாடகை எடுத்து வைத்தாள், என் மகனுக்குக் கையுறை கொடுத்தாள். என் பக்கம் வந்து ஒரு சின்ன டப்பாவை மடியில் போட்டாள். திறந்தேன். உள்ளே ஒரு மவுஸ், அவளுடையதைப் போலவே கறுப்பு, வாலோடு.

“இதை எங்க சொருகணும்?”

“எங்கயும் சொருக வேண்டாம். எவ்வளவு வேணும்னாலும் தேய்ங்க. இது யார்கிட்டயும் போய்ச் சொல்லாது.”

சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய், தலையில் இருந்த பென்சிலை மேசையெல்லாம் தேடிவிட்டு, கன்னத்தில் கையை வைத்துச் சுவரின் காதைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, மவுஸை முழங்கால் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். வழுவழுவென்று நன்றாகத்தான் ஓடியது.

“என்ன விலை?” என்றேன்.

பதில் இல்லை. கண் திறந்திருந்தது, இமை ஆடவில்லை. நான் தட்டவில்லை. கொஞ்சம் பொறுத்து, இரண்டாம் தடவை கேட்டேன்.

“நூத்தி நாப்பது” என்றாள்.